சூரியனைத் தொட்ட பட்டறை

நாலு பழைய ஐமாக்ஸ் புரொஜெக்டர்கள். ஏழு மாடி உயரத் திரையில் படம் காட்டி நம்மை வாய் பிளக்க வைக்கும் அதே சாதனம்தான். அவற்றைக் கொண்டுவந்து, கொஞ்சம் மாற்றியமைத்து, நாலும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள். வெற்றிட அறைக்குள் ஓர் உலோகக் கிண்ணம். ஒரு பக்கம் புரொஜெக்டர்கள் அதைச் சுட்டுப் பழுக்க வைக்க, இன்னொரு பக்கம் துகள் முடுக்கி அதன் மேல் அயனிகளை வாரி இறைத்தது. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தில் நடந்த இந்தக் கூத்துக்கு ஒரே நோக்கம்: சூரியனுக்குப் பக்கத்தில் போய் நின்றால் இந்தக் கிண்ணம் தாக்குப்பிடிக்குமா?

பிடித்தது. அதோடு விடவில்லை. சூட்டில் இருக்க இருக்க அதன் அளவீடு இன்னும் துல்லியமானது! சில மனிதர்களைப் போலக் கருவிகளுக்கும் நெருக்கடியில்தான் திறமை வரும்போலும்.

அந்தக் கிண்ணத்துக்குப் பெயர் சோலார் புரோப் கப். 2018 ஆகஸ்ட் 12 அன்று புளோரிடாவிலிருந்து சூரியனை நோக்கிக் கிளம்பிய நாசாவின் பார்க்கர் விண்கலத்தில் இருக்கிறது. கலத்தின் மற்றக் கருவிகள் பெரும்பாலும் வெப்பக் கவசத்தின் நிழலில் சமர்த்தாகப் பதுங்கிக்கொள்ளும். மின்புலத்தை அளக்கும் நாலு ஆன்டெனாக்களும் இந்தக் கிண்ணமும் மட்டும் கவசத்தைத் தாண்டித் தலையை நீட்டிக்கொண்டு சூரியனை நேருக்கு நேர் முறைக்கும். சூரியனிலிருந்து பாய்ந்து வரும் துகள்களை வாங்கி எண்ணுவது கிண்ணத்தின் வேலை.

எண்ணுவது இருக்கட்டும், முதலில் உருகாமல் இருக்க வேண்டுமே? டைட்டானியம், சிர்கோனியம், மாலிப்டினம் மூன்றும் சேர்ந்த கலவையில் கிண்ணத்தைச் செய்தார்கள். 2,349 டிகிரி செல்சியஸ் வரை அது அசையாது. உள்ளே மின்புலத்தை உண்டாக்கும் சல்லடை டங்ஸ்டனில். வழக்கமாக லேசரால் அந்தச் சல்லடைக் கோடுகளை வெட்டிவிடுவார்கள். டங்ஸ்டன் லேசருக்கு மசியவில்லை. அமிலத்தை ஊற்றி அரித்தெடுத்தார்கள். அடுத்த தலைவலி வயர். சாதாரண வயர் அந்தச் சூட்டில் வழிந்து ஓடிவிடும். நயோபியம் கம்பி போட்டார்கள். அந்தக் கம்பியை எதற்குள் செருகுவது? ஆய்வகத்திலேயே நீலக்கல் படிகக் குழாய்களை வளர்த்து அதற்குள்! ஜோசியர் சொல்லி மோதிரத்தில் பதித்துக்கொள்கிறோமே, அந்த நீலக்கல்தான். சூரியனைப் பார்க்கப் போகிற கருவிக்குச் சனிக்கு உகந்த கல் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த மாதிரி விஷயங்களுக்காகத்தான் எனக்குச் சூரிய ஆராய்ச்சி மேல் இவ்வளவு பைத்தியம். "விஞ்ஞானிகள் சூரியனின் புதிரை அவிழ்த்தனர்" என்று ஒரு வரிச் செய்தி வரும். நாமும் ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடுவோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் புரொஜெக்டரும் அமிலமும் நீலக்கல்லுமாக ஒரு பட்டறையே இருக்கிறது. வாருங்கள், இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம்.

கவசத்தைப் பார்க்காமல் வரக் கூடாது. 2.4 மீட்டர் விட்டம், சுமார் 11.5 சென்டிமீட்டர் தடிமன். இரண்டு கார்பன் தகடுகள், நடுவே கார்பன் நுரை. அந்த நுரையில் 97 சதவீதம் வெறும் காற்று. ஆகவே இத்தனை பெரிய கவசத்தின் எடை 73 கிலோதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தின் பொறியாளர் பெட்ஸி காங்டன் இந்தக் கவசப் பணிக்குத் தலைமை தாங்கியவர். நுரைத் துண்டின் ஒரு பக்கத்தை ஊதுவிளக்கால் சுட்டுச் சிவக்க வைத்துக்கொண்டிருக்கும்போதே மறுபக்கத்தை வெறுங்கையால் தொட்டுக் காட்டும் செய்முறையைப் பார்த்தால், நம் கைதான் பதறுகிறது.

கார்பன் கறுப்பு. கறுப்பு வெயிலை உறிஞ்சும். எனவே சூரியனைப் பார்க்கும் முகத்துக்கு வெள்ளைப் பீங்கான் பூச்சு அடித்தார்கள். அதிலும் ஒரு வில்லங்கம்: கொதிக்கும் சூட்டில் அந்த வெள்ளைப் பூச்சு கார்பனோடு வினைபுரிந்து சாம்பல் நிறமாகிவிடும், வெள்ளை அடித்ததன் பலனே போய்விடும். இரண்டுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய டங்ஸ்டன் படலம் ஒன்றைச் செருகிச் சண்டையை விலக்கினார்கள். இப்போது கவசத்தின் முகம் ஏறக்குறைய 1,370 டிகிரியில் காய்ந்துகொண்டிருக்கும்போது, முதுகுப் பக்கம் இருக்கும் கருவிகள் 30 டிகிரியில் சுகமாக இருக்கின்றன. சென்னையில் ஏப்ரல் மாதத்து மத்தியானத்தைவிட அங்கே குளுகுளு.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவின் வெப்பநிலை பத்து லட்சம் டிகிரிக்கு மேல் என்கிறார்கள். கவசம் 1,370-இல் எப்படி நின்றது? தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்தியவர்களுக்கு விடை தெரியும். பறக்கும் பொறி ஒவ்வொன்றும் ஆயிரம் டிகிரிக்குக் குறையாது. கையில் விழுந்தாலும் சுருக்கென்று ஒரு கடி, அவ்வளவுதான். பொறி சூடு, ஆனால் பொடிப்பொடி. கொண்டுவரும் வெப்பம் சொற்பம். கொரோனாவும் அப்படித்தான், துகள்கள் அசுர வேகத்தில் இருந்தாலும் எண்ணிக்கை மிகக் குறைவு. கவசத்தைச் சுடுவது சூரியனின் நேரடி ஒளிதான்.

மின்சாரத்துக்குச் சூரியத் தகடுகள் இருக்கின்றன. சூரியன் அருகில் அவையே வெந்துவிடும் என்பதால் கலம் நெருங்க நெருங்க இறக்கைகளை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். நுனி மட்டும் வெளியே. அந்த நுனியைக் குளிர்விக்க என்ன ரகசியத் திரவம் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? தண்ணீர். அதுவும் சுமார் 3.7 லிட்டர். கொதிக்காமல் இருக்க அழுத்தத்தில் அடைத்து, குழாய்களில் சுற்றவிட்டு, ரேடியேட்டர் வழியாக வெப்பத்தை விண்வெளிக்குத் தள்ளுகிறார்கள். எத்தனையோ ரசாயனங்களை அலசிவிட்டுக் கடைசியில் குழாயடிக்கே வந்து சேர்ந்தார்கள்.

இந்தக் கலத்துக்குப் பெயர் கொடுத்த யூஜின் பார்க்கரின் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1958. சிகாகோ பல்கலைக்கழகத்தில் முப்பதைக்கூட முழுதாகத் தாண்டாத பார்க்கர், சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசிக்கொண்டிருக்கிறது என்று கணக்குப் போட்டு ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதினார். மதிப்பீடு செய்த இருவருமே உதறித் தள்ளினார்கள். முதலில் நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வரட்டும் என்கிற தொனி. பத்திரிகையின் ஆசிரியருக்கும் அந்தக் கருத்து பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் எங்கே தப்பு என்று கேட்டால் யாராலும் காட்ட முடியவில்லை. கணக்கு சரியென்றால் அச்சேற வேண்டும் என்று மதிப்பீட்டாளர்களை மீறி வெளியிட்டார் ஆசிரியர். அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் போன நம் சந்திரசேகரேதான். பிடிக்காத கருத்தையும் அச்சேற்றிய அந்தப் பிடிவாதத்தை நினைத்தால், எனக்கு அவருடைய நோபல் பரிசைவிட இதுதான் பெரிதாகத் தோன்றுகிறது. 1962-இல் வெள்ளிக்குப் போன மரைனர் 2 விண்கலம் வழியெல்லாம் சூரியக் காற்றை அளந்து சொன்னது. கட்டுரை வெளிவந்து 60 ஆண்டுகள் கழித்துத் தன் பெயரில் ராக்கெட் கிளம்புவதை 91 வயதில் நேரில் பார்த்தார் பார்க்கர். உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரை நாசா ஒரு விண்கலத்துக்கு வைத்தது அதுதான் முதல் முறை.

கிளம்புவது சரி, சூரியனில் போய் விழுவது அத்தனை சுலபமா என்றால், அதுதான் இல்லை. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது; பூமியிலிருந்து கிளம்பும் எதுவும் அந்த வேகத்தைச் சீதனமாகக் கொண்டுபோகும். அதைக் கழித்தால்தான் உள்ளே இறங்க முடியும். செவ்வாய்க்குப் போவதைப் போல 55 மடங்கு ஆற்றல் தேவை. முதலில் வியாழனைச் சுற்றிப் போகும் திட்டம் இருந்தது. அவ்வளவு தூரம் போனால் வெயில் பற்றாது, அணுசக்தி மின்கலம் வேண்டும், செலவும் எகிறும். அப்போது யான்பிங் குவோ என்ற பொறியாளர் வெள்ளிக் கிரகத்தை ஏழு முறை உரசிப்போகும் பாதை ஒன்றைக் கணக்கிட்டார். ஒவ்வொரு உரசலிலும் கொஞ்சம் வேகம் கழியும், சுற்றுப்பாதை சூரியனை நோக்கிச் சுருங்கும். ஏழாவது உரசல் 2024 நவம்பர் 6-இல் முடிந்தது.

அடுத்தது உச்சக்கட்டம். 2024 டிசம்பர் 24, நம் கடிகாரத்தில் மாலை 5.23. சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டரில், மணிக்கு 6,92,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது பார்க்கர். அந்த வேகத்தில் சென்னையிலிருந்து டெல்லிக்குப் பத்து நொடிகூட ஆகாது. மனிதன் செய்த எதுவும் அதற்கு முன் அவ்வளவு கிட்டேயும் போனதில்லை, அவ்வளவு வேகமாகவும் போனதில்லை. பார்க்கருக்கு முன், 1976-இல் ஹீலியோஸ் 2 விண்கலம் வைத்த சாதனை 4.3 கோடி கிலோமீட்டர். எங்கே அது, எங்கே இது!

வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் மேரிலாந்தில் இருந்த கட்டுப்பாட்டு அறைக்கு எதுவும் தெரியாது. கலத்தோடு தொடர்பே இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை, சிக்னல் போய்ச் சேரவே சுமார் எட்டு நிமிடம். கவசம் சற்றுச் சாய்ந்து வெயில் உள்ளே புகுந்தால் அதற்குள் கதை முடிந்துவிடும். அதனால் நிழலின் விளிம்பில் செல்போனில் பாதி அளவுள்ள உணரிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். ஏதாவது ஓர் உணரி மேல் வெயில் பட்டால் கலமே தன்னைத் திருத்திக்கொள்ளும். அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்காமல் தானே முடிவெடுக்கும் பிள்ளை. ஆனால் அம்மாவுக்குத் தூக்கம் வருமா? டிசம்பர் 26, அங்கே நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் ஒரே ஒரு சமிக்ஞை வந்தது. படமில்லை, தரவில்லை, "நன்றாக இருக்கிறேன்" என்பதற்கு ஈடான ஒரு தொனி. போதாதா?

சரி, இத்தனை பாடுபட்டு என்ன கண்டார்கள்?

முதல் சுற்றுகளிலேயே ஆச்சரியம். சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலக் கோடுகள் ஒழுங்காக வெளிநோக்கி வருவதில்லை. திடீரென்று திரும்பிச் சூரியனையே பார்க்கின்றன, மறுபடி நிமிர்கின்றன. வளைந்து வளைந்து இடுப்பொடிகின்றன. பூமிக்கு அருகே இந்த வளைவுகள் பெரும்பாலும் மழுங்கிப்போய்விடுவதால் இவை எத்தனை மலிந்து கிடக்கின்றன என்பது அதுவரை தெரியவில்லை. 2019 டிசம்பரில் இது வெளியானதும் ஆய்வாளர்களிடையே ஒரே அமளி: எங்கிருந்து வருகின்றன? தொடர்ந்து துரத்தியதில் வளைவுகள் கூட்டங்கூட்டமாக வருவது தெரிந்தது. அந்தக் கூட்டங்களின் அகலம், சூரியப் பரப்பில் சுமார் 30,000 கிலோமீட்டர் அகலத்துக்குப் பொங்கி அமிழும் பெருங்கொப்புளங்களின் அகலத்தோடு பொருந்தியது. அந்தக் கொப்புளங்களின் ஓரத்தில் காந்தக் கோடுகள் நெருக்கியடித்து, அறுந்து, வேறு கோட்டோடு ஒட்டிக்கொள்ளும்போது ஆற்றல் வெடிக்கிறது, காற்று கிளம்புகிறது என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.

2021 ஏப்ரல் 28-ஐயும் சொல்ல வேண்டும். அன்றுதான் கலம் சூரியனுக்குள் நுழைந்தது. உள்ளே என்றால், சூரியனின் காந்தப்பிடியில் பொருள் இன்னும் கட்டுண்டு கிடக்கும் எல்லைக்குள். அந்தக் கோட்டைத் தாண்டிவிட்ட காற்று இனித் திரும்பாது. பரப்பிலிருந்து சுமார் 1.3 கோடி கிலோமீட்டரில் அந்த எல்லை இருந்தது. அது வழவழப்பான உருண்டையாகவும் இல்லை, மேடும் பள்ளமுமாகச் சுருங்கிக் கிடந்தது. கலம் சில மணி நேரத்துக்குள் உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே என்று தாண்டித் தாண்டி விளையாடியது.

எனக்கு இவற்றிலெல்லாம் சிறந்ததாகப் படுவது 2022 பிப்ரவரியில் நடந்த தொடர் ஓட்டம். பார்க்கர் சூரியனுக்கு அருகே. ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டர் விண்கலம் வெள்ளிக் கிரகத்தின் பாதை அருகே. பார்க்கரைக் கடந்துபோன அதே காற்றோட்டம் ஏறக்குறைய இரண்டு நாள் கழித்து சோலார் ஆர்பிட்டரையும் கடந்தது. ஒரே காற்றை இரண்டு இடத்தில் பிடித்துச் சோதித்தாயிற்று! பார்க்கரிடம் அதில் காந்த அலைகள் துள்ளின. இரண்டாவது இடத்தில் அலைகளின் ஆற்றல் பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. பதிலாக, காற்று இருக்க வேண்டியதைவிடச் சூடாகவும் வேகமாகவும் இருந்தது. திருட்டுப்போன நகை அடகுக் கடையில் கிடைத்த கதைதான். சூரியக் காற்றைச் சூடேற்றுவதும் விரட்டுவதும் அந்த அலைகள்தாம் என்பதற்கு இவ்வளவு நேரடியான சாட்சி அதுவரை இல்லை. பரப்பில் 5,500 டிகிரி இருக்கும் சூரியனுக்கு மேலே பத்து லட்சம் டிகிரி எப்படி வந்தது என்ற பெரிய வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை, ஆனால் சாட்சிகள் குவிகிறார்கள்.

போகிற போக்கில் ஒரு போனஸ். வெள்ளியை உரசும்போது சும்மா மேகத்தைப் படம் பிடிக்கலாம் என்று கேமராவைத் திருப்பினார்கள். இரவுப் பக்கத்தில் மேகத்தை ஊடுருவித் தரையே தெரிந்தது. வெள்ளியின் தரை அவ்வளவு சூடு. இருட்டில் கண்ணுக்குப் புலப்படும் சிவப்பொளியில் தானாகக் கனன்றுகொண்டிருக்கிறது. சூரியனைப் பார்க்கப் போனவர்களுக்கு வெள்ளி கொடுத்த மொய்.

பார்க்கர் அனுப்பும் கணக்குகளைப் படமாகக் காட்ட, தரையிலும் ஒரு ராட்சசக் கண் வேண்டும். ஹவாயில் ஹலேயகலா மலையுச்சியில் இருக்கிறது இனௌயே தொலைநோக்கி. 4 மீட்டர் ஆடி. இந்த ஆடி சூரியனைப் பார்த்தால் 13 கிலோவாட் வெப்பத்தைக் குவிக்கும். அதைச் சமாளிக்க இரவெல்லாம் ஒரு நீச்சல் குளம் நிறையும் அளவுக்குப் பனிக்கட்டி உண்டாக்கி, பகலில் அந்தக் குளிர்ச்சியைப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலான குழாய்களில் ஓட்டுகிறார்கள். ஹவாய்க்கு மக்கள் வெயில் காயப் போகிறார்கள். இவர்கள் ராத்திரி கண்விழித்து ஐஸ் போடுகிறார்கள். பலன்? 2024 ஆகஸ்ட் 8-இல் ஒரு பெரிய சூரியத் தீப்பிழம்பு அடங்கும் தறுவாயில் காந்த வளையங்களைப் படமெடுத்தது. சராசரி அகலம் 48 கிலோமீட்டர், சில வளையங்கள் 21. பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒன்றில், காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் உள்ள தூரத்தை அளக்கிற மாதிரி.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2024 மே 10 நல்ல பதில். சூரியன் கிளப்பிவிட்ட, இருபது ஆண்டுகளில் இல்லாத காந்தப்புயல் பூமியைத் தாக்கியது. லடாக்கின் ஹான்லேயில் துருவ ஒளியால் வானம் சிவந்தது, எல்லாரும் படம் போட்டார்கள். அதே இரவில் அமெரிக்க விவசாயிகளின் ஜிபிஎஸ் டிராக்டர்கள் வழி தெரியாமல் விதைப்பின் நடுவே நின்றன. அது அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

அந்த சோலார் ஆர்பிட்டரின் கவசத்தைச் சொல்லாமல் விட்டால் பட்டறைச் சுற்றுலா முழுமையாகாது. அமெரிக்கர்கள் வெள்ளையடித்தார்கள் அல்லவா? ஐரோப்பியர்கள் கறுப்பு அடித்தார்கள். வெள்ளை என்றால் புற ஊதாக் கதிரில் வருடக் கணக்கில் கிடந்து நிறம் மாறிவிடும். ஆரம்பத்திலேயே கறுப்பு என்றால் மாற என்ன இருக்கிறது? அந்தக் கறுப்பு எதிலிருந்து வருகிறது என்றால், சுட்டுக் கரியாக்கிய எலும்பு! ஆதிமனிதன் குகைச் சுவரில் ஓவியம் தீட்டிய அதே எலும்புக்கரி இப்போது சூரியனைச் சுற்றுகிறது.

எலும்புக்கரி பூசிய இந்தக் கலம்தான் 2025 மார்ச்சில், சூரியனின் நடுக்கோட்டுக்கு 17 டிகிரி கீழிருந்து அதன் தென்துருவத்தை முதன்முறையாக எட்டிப்பார்த்தது. அதுவரை நம் படங்கள் எல்லாமே சூரியனை இடுப்புயரத்திலிருந்து எடுத்தவை. துருவத்தில் கண்டதோ ஒரே குளறுபடி: வடக்கும் தெற்குமாக இரண்டு காந்தமுனைகளும் அங்கேயே திட்டுத்திட்டாகக் கலந்து கிடந்தன. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும்போது துருவங்கள் இடம் மாறும், அப்போது இப்படித்தான் கிடக்கும் என்று எதிர்பார்த்ததுதான். என்றாலும், கண்ணால் பார்ப்பது வேறு.

துருவம் முக்கியம். உச்சம் அடங்கியபின் அங்கே எவ்வளவு காந்தப்புலம் சேருகிறதோ, அதை வைத்துத்தான் அடுத்த சுழற்சி வலுவா நோஞ்சானா என்று கணிக்க முடியும். நேரடியாக அளக்கத் தொடங்கிச் சில பத்தாண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முந்தையதுக்கு எங்கே போவது? கொடைக்கானலுக்கு. அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, வானம் தெளிந்த நாளிலெல்லாம் கால்சியம் ஒளியில் சூரியனைக் கண்ணாடித் தகடுகளிலும் பிலிமிலும் பிடித்து வைத்திருக்கிறார்கள். 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டதும் இதே மலையில்தான். அந்தப் பழைய படங்களில் துருவத்தருகே தெரியும் பொடிப் பொடியான வெளிச்சப் புள்ளிகளை இப்போது கணினியில் எண்ணி, அந்தக் காலத்துத் துருவக் காந்தப்புலத்தை மீட்டுவிட்டார்கள் இந்திய ஆய்வாளர்களும் அவர்களின் வெளிநாட்டுக் கூட்டாளிகளும். இப்படிப் பயன்படும் என்று எடுத்தவர்களுக்கே தெரியாத படங்கள், நூறு வருஷம் கழித்துச் சோறு போடுகின்றன.

பார்க்கர் இன்னமும் சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. சோலார் ஆர்பிட்டருக்கு அடுத்த பெரிய தேதி 2026 டிசம்பர் 24: அன்று வெள்ளியை உரசித் தன் பாதையை 24 டிகிரிக்குச் சாய்த்துக்கொள்ளும் திட்டம், 2029-இல் 33 டிகிரி. துருவம் இன்னும் நன்றாகத் தெரியும். ஆக, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மறுபடியும் வேட்டு. சூரிய ஆய்வாளர் வீட்டில் பெண் கொடுப்பவர்கள் யோசித்துக் கொடுக்கவும்.